மனுவின் தலையில் ஒரு சிலுவை

மரியசெல்வியின் முன்பற்கள் இரண்டும் விழுந்தபோது பகல் பதினொன்றே கால் மணி. இடம், நூற்பாலையின் கழிவுப் பஞ்சு அறை. அடித்தவன் ஷிப்ட் சூப்பர்வைசர் அருள்நாதன். அடித்தது நூல் சுற்றும் பாபின். முழங்கை நீளம், தடித்த பிளாஸ்டிக். கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உலக்கைக்குத் தம்பி அது. முதல் அடி தோளில் விழுந்தது. அவள் நிமிர்ந்து, "எதுக்கு சார் அடிக்கிறீங்க?" என்று கேட்டாள். இரண்டாவது அடி கேட்ட வாயிலேயே விழுந்தது.

அவள் பஞ்சுக் குவியலில் குப்புற விழுந்தாள். அவன் அவள் கொண்டையைப் பிடித்து முகத்தைப் பஞ்சுக்குள் அழுத்தினான். மூக்கிலும் வாயிலும் பஞ்சு. மூச்சு இல்லை. வெள்ளைப் பஞ்சு சிவந்து கட்டிக்கொண்டு அவள் வாயை அடைத்தது. பக்கத்துக் கூடத்தில் இயந்திரத்தின் முன் நின்ற ஒச்சம்மாள் கதவு வழியே இதைப் பார்த்துவிட்டுத் தன் இயந்திரத்தைச் சட்டென்று நிறுத்தினாள். ஓயாத இரைச்சலில் ஓர் இயந்திரம் நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பிப் பார்த்தார்கள். அருள்நாதன் கையை எடுத்தான்.

பற்களைத் தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் அந்தப் பஞ்சு பொதியாகக் கட்டப்பட்டு லாரியேறிப் போய்விட்டது. எந்த ஊர் மெத்தைக்குள் அவள் பற்கள் கிடக்கின்றனவோ.

மில் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது டிரைவர் பக்கத்தில் இருந்த மேஸ்திரி திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னார். கேட்டால் வழுக்கி விழுந்ததாகச் சொல்ல வேண்டுமாம். அவள் பதில் சொல்லவில்லை. மேல் உதடு இரண்டாகப் பிளந்து தொங்கியவளுக்கு எப்படிப் பேச வரும்? அந்த மௌனத்தையே சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரித் தாளிலும் அப்படியே ஏறியது, போலீஸ் ஸ்டேஷன் தாளிலும் அப்படியே ஏறியது: பணியின்போது தவறி விழுந்து காயம்.

மரியசெல்விக்கு முப்பத்தாறு வயது. சித்தையன்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கீழத்தெருவில் பிறந்தவள். ஊர் முழுவதும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான். ஒரே கோயில், ஒரே பூசை, ஒரே அப்பம். ஆனால் செத்தால் இரண்டு கல்லறைத் தோட்டம், நடுவில் மதில். மண்ணுக்குள் போன எலும்பு பக்கத்து எலும்பைத் தொட்டுவிடுமோ என்று பயந்து கட்டிய மதில் அது. மேலத்தெருச் சப்பரம் கீழத்தெருவுக்குள் வந்ததே இல்லை. ஆண்டவர் எங்கும் நிறைந்தவர் என்று சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தவள் அவள். எங்கும் என்றால் கீழத்தெரு தவிர என்று யாரும் சொல்லித் தரவில்லை, தானாகவே தெரிந்துகொண்டாள்.

பள்ளியில் சேர்த்தபோது தலைமை ஆசிரியர் அவள் அப்பாவிடம், வேதம் என்று எழுதினால் சலுகை போய்விடும் என்று சொல்லி, 'செல்வி, இந்து, பட்டியல் சாதி' என்று எழுதிவிட்டார். கீழத்தெருவில் பாதிப் பேர் இப்படித்தான். கோயில் ஏட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூட ஏட்டில் ஒரு பெயர். சட்டம் அப்படி இருக்கிறது. பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவர் ஆகிவிட்டால் பட்டியலை விட்டு வெளியே போய்விடுகிறார். ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுந்ததும் சாதி கரைந்துபோகும் என்று கணக்கு. மேலத்தெருவுக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், பதினெட்டு வயதில் மில்லுக்கு வந்தாள். பதினெட்டு வருடம். நூற்கும் இயந்திர வரிசைகளுக்கு நடுவே நடந்து நடந்து, அறுந்த இழையை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு விரலால் ஒட்டிவிடுவாள். ஒரு ஷிப்டுக்கு எட்டு மைல் நடை என்று யாரோ அளந்து சொன்னார்கள். புதிதாக வரும் பெண்களுக்கு அவளைத்தான் காட்டுவார்கள், இவளைப் பார்த்துப் பழகு என்று. கணவன் அந்தோணிமுத்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சுமை தூக்குபவன். கேரளா லாரிகளுக்குத் தக்காளிப் பெட்டியும் வெங்காய மூட்டையும் ஏற்றுவான். மகள் ஐரின் பிளஸ் டூ. திண்டுக்கல்லில் வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊர்க் கோயிலுக்குப் போய்வருவார்கள்.

மில்லில் ஆயிரத்து இருநூறு பேர். யார் எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. அந்த நிம்மதியில்தான் பதினெட்டு வருடம் ஓடியது. போன தையில் அருள்நாதன் ஷிப்ட் சூப்பர்வைசராக வந்தான். அவன் அதே ஊர், மேலத்தெரு. கோயில் கமிட்டித் தலைவர் மிக்கேல்ராஜின் மகன். வந்த மாதத்துக்குள் ஊர்க் கீழத்தெருப் பெண்கள் நான்கு பேரையும் பொறுக்கியெடுத்து, இயந்திரத்தை விட்டு இறக்கிக் கழிவுப் பஞ்சு அறைக்கும் கக்கூஸ் கழுவுவதற்கும் மாற்றினான். ஆயிரத்து இருநூறு பேரில் அந்த நான்கு பேர். கண்ணைக் கட்டிக்கொண்டு அவ்வளவு சரியாகப் பொறுக்க முடியாது. கண்ணைத் திறந்துகொண்டுதான் பொறுக்கினான்.

மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மரியசெல்வி ஒரு வாரம் கழுவினாள். எட்டாம் நாள், அடைத்துக்கொண்ட கக்கூஸில் கையை விட்டு எடுக்கச் சொன்னபோது, ஏன் எங்கள் தெருப் பெண்கள் மட்டும் என்று கேட்டாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மெசின்ல நின்னா சாதி மறந்துருமா? அதுக்குன்னே பொறந்த கையி, அதைத்தான் செய்யணும்." அந்த வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் பஞ்சு அறைக்குத் திரும்பினாள். பாபின் அங்கே வந்தது.

உதட்டில் ஏழு தையல். பேச முடியாத நாட்களில் ஐரின் கஞ்சியை ஸ்பூனால் ஊற்றினாள். அந்தோணிமுத்து தலைமாட்டில் உட்கார்ந்து, "விட்ரு புள்ள. அவய்ங்க கூட்டம், நாம மூணு பேரு," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தையல் பிரித்த அன்று அவள் எழுந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தொழிற்சங்க ஆபீசுக்குப் போனாள். அங்கே வாஜித் பாய் இருந்தார். முப்பது வருடமாக மனு எழுதி எழுதி விரல் வளைந்துபோன மனிதர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆதிதிராவிடர் ஆணையத்துக்கு எழுதலாம், இந்து என்ற சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறது, வழி திறந்திருக்கிறது என்றார். நஷ்டஈடு கேட்கலாமா, வேலையைத் திரும்பக் கேட்கலாமா என்று அவர் கேட்டதற்கு அவள் ஒன்றைத்தான் சொன்னாள்.

"அடிச்சான்னு எழுதுனாப் பத்தாது பாய். எதுக்கு அடிச்சான்னு ஒரு சர்க்கார் தாள்ல ஏறணும். வழுக்கி விழுந்தேன்னு ரெண்டு தாள்ல இருக்கு. மூணாவது தாளு எனக்கு வேணும்."

அவள் கைப்படவே எழுதச் சொன்னார் பாய். சொந்தக் கையெழுத்துக்கு ஒரு வலு உண்டு என்பது அவர் நம்பிக்கை. அவள் வீட்டில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினாள். 'செல்வி' என்று சான்றிதழில் உள்ளபடி கையெழுத்துப் போட்டாள். பாய் எழுத்துப் பிழை பார்த்தார், தேதி பார்த்தார், இணைப்புகளை எண்ணினார். தாளின் உச்சியில், 'அனுப்புநர்' என்ற சொல்லுக்கு மேலே, நடுவாக ஒரு சின்னச் சிலுவை இருந்ததை அவர் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. கை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து, மளிகைச் சாமான் துண்டுச் சீட்டு முதல் பரீட்சைப் பேப்பர் வரை எல்லாவற்றின் தலையிலும் வேதக்காரக் கை போடும் சிலுவை. மற்றவர்கள் பிள்ளையார் சுழி போடுவதைப்போல. இந்து என்று சொல்லும் மனுவின் நெற்றியில் அது போய் உட்கார்ந்துகொண்டது.

ஆணையத்துக்குத் தபாலில் அனுப்பிய மனுவின் நகலைக் கலெக்டர் ஆபீசிலும் கொடுக்கத் திங்கட்கிழமை போனாள். குறைதீர் நாளில் வாசலிலேயே போலீஸ் நிற்கும். மனுக் கொடுக்க வருபவர்கள் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திக்கொள்கிறார்கள் என்பதால் எல்லாப் பையையும் கிளறுவார்கள். கொளுத்திக்கொள்ளும் அளவுக்கு ஏன் வருகிறார்கள் என்று கேட்கத்தான் ஆள் போடவில்லை. ஒரு பெண் போலீஸ் அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, சந்தேகம் தீராமல், "குடிச்சுக் காட்டு," என்றாள். அவள் குடித்தாள். பல் போன சந்து வழியாகத் தண்ணீர் வழிந்து தாடையில் இறங்கியது. தண்ணீரில் லேசாகச் சிவப்பு. அந்தப் போலீஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, போ என்று கையைக் காட்டினாள்.

ஆணையத்திலிருந்து மில்லுக்கு நோட்டீஸ் போன பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து மூவரும் கோயிலை விட்டு வெளியே வந்தார்கள். கொடிமரத்தடியில் நான்கு பேர் நின்றார்கள். நடுவில் அருள்நாதனின் சித்தப்பா மகன் ராபின். திருவிழாவுக்காகச் சப்பரம் தூக்கும் தண்டுகளைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். ராபின் அதில் ஒன்றை எடுத்தான். எச்சரிக்கை இல்லை, வாக்குவாதம் இல்லை. அந்தோணிமுத்துவின் இடது தோளில் ஒரே இறக்கு. எலும்பு முறிந்த சத்தம் அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. மூட்டை சுமக்கும் தோள் எது என்று தெரிந்துகொண்டுதான் இறக்கியிருக்கிறான். விழுந்தவனை மற்ற மூவரும் மிதித்தார்கள். ஒருவன் ஐரின் சடையைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். கோயில் படியில் நின்ற மிக்கேல்ராஜ், "போதும்டா, செத்துக் கித்துத் தொலையப் போறான்," என்று மட்டும் சொன்னார். அவர் காட்டிய இரக்கம் அவ்வளவுதான்.

மரியசெல்வி ராபின் மேல் பாய்ந்தாள். தண்டைப் பிடித்த அவன் மணிக்கட்டில் மிச்சமிருந்த பற்களால் கவ்வினாள். அவன் இன்னொரு கையால் அவள் தலையில் குத்தினான், காதைத் திருகினான், உதறினான். அவள் விடவில்லை. பிரித்த தையல் மறுபடி கிழிந்தது. அவன் ரத்தம், அவள் ரத்தம் என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி வாய் நிறைந்தது. அவன் அலறித் தண்டைப் போட்ட பிறகுதான் விட்டாள். பூசை வைத்த சாமியார் உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தார். சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு வந்து, பகையை மன்னிக்கச் சொன்னார். யார் யாரை என்று சொல்லவில்லை.

அவள் கடித்த வழக்கு அன்று மத்தியானமே பதிவாயிற்று. தோள் உடைந்த வழக்கைப் பதிவுசெய்ய ஆறு நாள் பிடித்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டிய தோளோடு படுத்திருந்த அந்தோணிமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இனி மூட்டை தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மனைவி பக்கம் திரும்பி, "விட்ரு விட்ருன்னேன்ல," என்றான். பிறகு, "இனிமே விடாத," என்றான்.

மூன்று மாதம் கழித்து, கலெக்டர் ஆபீஸ் மாடியில் ஓர் அறையில் விசாரணை நடந்தது. ஆணையத்தின் விசாரணை அதிகாரி நாகஜோதி என்ற அம்மாள். அவர் பக்கத்தில் டைப் அடிக்க ஒருவர். எதிரே மில்லின் வக்கீலும் அருள்நாதனும். இந்தப் பக்கம் மரியசெல்வியும் வாஜித் பாயும். முதலில் ஒச்சம்மாளைக் கூப்பிட்டார்கள். இயந்திரத்தை நிறுத்திய குற்றத்துக்காக அவளுக்கு ஏற்கனவே ஒரு மெமோ கொடுத்திருந்தார்கள். அவள் மரியசெல்வியின் காலைப் பார்த்துக்கொண்டே, தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசலைத் தாண்டும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு வக்கீல் பதில் மனுவை வாசித்தார். அந்த மில்லில் சாதி பார்க்கும் வழக்கமே கிடையாதாம். யார் என்ன சாதி என்பது நிர்வாகத்துக்கும் தெரியாது, சூப்பர்வைசருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை வைத்து எப்படிப் பாகுபாடு காட்ட முடியும்? வாசித்து முடித்துவிட்டு, அவள் மனுவைத் தூக்கிக் காட்டி, உச்சியில் இருந்த சிலுவையின் மேல் விரலை வைத்தார். அப்போதுதான் மரியசெல்வி அதைப் பார்த்தாள். வாஜித் பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. அருள்நாதன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். ஊர்க் கோயிலின் ஞானஸ்நான ஏட்டுப் பக்கத்தின் நகல், பங்குக் கோயில் முத்திரையோடு. அப்பாவின் வழியாக வாங்கி வந்திருந்தான்.

அதிகாரி நகலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க கிறிஸ்தவரா, இந்துவாம்மா? யோசிச்சுச் சொல்லுங்க. கிறிஸ்தவர்னா இந்த மனு இங்க நிக்காது."

மேசைக்கு அடியில் வாஜித் பாயின் கால் அவள் காலை மிதித்தது. இந்து என்று சொல்லச் சொல்லும் மிதி. ஏற்கனவே பேசி வைத்ததுதான். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம் என்று சொன்னால் போதும். மரியசெல்விக்குக் கோயில் மேல் பிடிப்பு ஒன்றும் மிச்சமில்லை. கொடிமரத்தடியில் கணவன் தோள் உடைந்த நாளிலிருந்து அவள் பூசைக்குப் போகவில்லை, முழந்தாளிடவும் இல்லை. இந்து என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் சாதியைப் பார்த்து அடித்தவன் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறான். அடி வாங்கியவள் பொய் சொல்லித்தான் அதை நிரூபிக்க வேண்டுமா? அந்தத் தாளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். கோயில் உபதேசியார் கோணல் எழுத்தில் எழுதிய பக்கம். ஒவ்வொரு கட்டமாக விரலை நகர்த்தி வாசித்தாள். ஐந்தாவது கட்டத்தில் விரல் நின்றது.

"இது நான்தான் மேடம்," என்றாள். பல் இல்லாததால் சொல் காற்றோடு வந்தது. "வேதக்காரிதான். அஞ்சாவது கட்டத்துல இருக்கிறதைச் சத்தமா வாசிங்க மேடம்."

அதிகாரி வாசித்தார். "குலம், பறையர். கீழத்தெரு."

"யாரு என்ன சாதின்னே தெரியாதுன்னு இப்பத்தான வாசிச்சாக. மில்லுல என் பேரு செல்வி. மரியசெல்வின்னு அங்க ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. எந்த ஊரு, எந்தக் கோயிலு, எந்த வருசத்து ஏடு, எந்தப் பக்கம்னு இவருக்கு எப்பிடி மேடம் தெரிஞ்சுச்சு?"

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் அருள்நாதன் முந்திக்கொண்டான். "ஒரே ஊரு மேடம். இவய்ங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாதா?"

வக்கீல் அவன் தொடையை அழுத்திப் பிடித்தார். பிடித்து என்ன, சொல் வெளியே வந்து மேசை மேல் கிடந்தது. நாகஜோதி டைப் அடிப்பவரைப் பார்த்து, "அவர் சொன்னதை அப்படியே அடிங்க," என்றார். டைப் சத்தம் தொடங்கியது. மரியசெல்விக்கு அது மில் இரைச்சலைவிடப் பெரிதாகக் கேட்டது.

வராண்டாவில் பாய் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த அருள்நாதன் அவளைத் தூணோடு சேர்த்து நிறுத்தித் தாடையைப் பிடித்தான். இன்னும் ஆறாத இடத்தில் கட்டை விரலை வைத்து, எலும்பு வரைக்கும் அழுத்தினான். கண்ணில் நீர் தெறித்தது. "இன்னும் முப்பது பல்லு இருக்கு," என்றான், சிரித்துக்கொண்டே, ஊர்க்காரரிடம் சுகம் விசாரிப்பதைப்போல. அவள் அவன் கண்ணையே பார்த்தாள். பாய் திரும்பி ஓடி வந்தபோது அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

பதினேழாம் நாள் பதிவுத் தபாலில் ஆணை வந்தது. ஐரின் வாசித்தாள். மனுதாரர் கிறித்தவர் என்பதால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. அவர் பெற்ற சாதிச் சான்றிதழ் குறித்து வட்டாட்சியர் தனியே விசாரிப்பார். அந்தோணிமுத்து ஒற்றைக் கையால் சுவரில் குத்தினான். ஐரின் நிறுத்தாமல் மேலே வாசித்தாள். எனினும், மனுதாரரின் பிறப்புச் சாதியை எதிர்மனுதாரர் முன்னரே அறிந்திருந்தார் என்பது அவரது வாய்மொழியாலேயே தெரியவருகிறது. அதன் காரணமாகவே மனுதாரர் இழிவான பணிக்கு மாற்றப்பட்டதும், மறுத்தபோது தாக்கப்பட்டதும் நம்பத்தக்கதாக உள்ளது. இவ்வாணையத்தின் வரம்புக்கு வெளியே இருப்பதால், தொழிலாளர் துறையும் காவல் துறையும் மனித உரிமை ஆணையமும் இதன் மேல் நடவடிக்கை எடுக்கலாம்.

"'அதன் காரணமாகவே'ங்கிறதைத் திரும்ப வாசிடி," என்றாள் மரியசெல்வி.

ஐரின் திரும்ப வாசித்தாள். தோற்றுப்போன தாளில்தான் அந்தச் சொல் இருந்தது. இருந்தாலும் சர்க்கார் முத்திரைக்கு மேலே இருந்தது. வாஜித் பாய் அதை இருபது நகல் எடுத்தார். மூன்று துறைகளுக்கும் மூன்று மனு எழுத உட்கார்ந்தபோது, அவள் பேனா தாளின் உச்சிக்குப் போவதைப் பார்த்துப் பதறி, இந்தத் தடவையாவது அதைப் போடாதே என்றார்.

"போட்டாலும் அடிக்கிறான், போடாட்டியும் அடிக்கிறான் பாய். அப்புறம் அவனுக்காக நான் எதுக்கு யோசிக்கணும்?" என்றாள். கொஞ்சம் யோசித்தாள், தனக்காக. உச்சியை வெறுமையாக விட்டுவிட்டு முதல் வரியை எழுதினாள்: எனக்கு இன்னும் முப்பது பல் இருக்கிறது என்று ஷிப்ட் சூப்பர்வைசர் அருள்நாதன் கலெக்டர் ஆபீஸ் வராண்டாவில் வைத்துச் சொன்னார்.

திங்கட்கிழமை வாசலில் அதே பெண் போலீஸ் நின்றாள். பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தவள், முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, "திரும்பவுமா?" என்றாள்.

மரியசெல்வி பாட்டிலை வாங்கி, யாரும் சொல்லாமலே ஒரு வாய் குடித்துக் காட்டினாள். இந்த முறை சிவப்பு இல்லை. மனுவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.